பொட்டு வைத்த சுருள் கேக்கு

என் அம்மா செல்லியம்மாள் அடுத்தவர் வீட்டுப் பெண் பார்க்கும் காரியத்தில் குறுக்கே புகுந்தது ஒரே ஒரு தடவைதான். அது 1968ஆம் வருஷம், கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம். நானும் அங்கே இருந்தேன். ஏழு மாதப் பிள்ளையாக அவள் வயிற்றுக்குள் இருந்ததால் எதையும் கண்ணால் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அம்மா, அப்பா, விக்டோரியா நர்சம்மா மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, யார் எங்கே நின்றார்கள் என்பதுகூட எனக்கு அத்துப்படி. மூவர் சொன்னதும் ஒத்துப் போகாத இடத்தில் எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குக் கும்மிடிப்பூண்டி ரயிலடிக்குப் பக்கத்தில் நாஷ்டாக் கடை. கடை என்றால் ஒரு கீற்றுக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, ஒரு பெரிய தோசைக்கல். பட்டறைக்குப் போகிறவர்களும் பட்டணத்துக்குப் பாசஞ்சர் பிடிக்கிறவர்களும் அங்கேதான் சாப்பிட்டார்கள். "சாம்பார் தண்ணியா கீதே" என்று சொன்ன ஒரு மேஸ்திரியின் இலையை அப்படியே எடுத்து நாய்க்குப் போட்டுவிட்டு, "உன் ஊட்ல கெட்டியா கீதா? அங்க போய்க் குந்து" என்றாளாம். மன்னிப்புக் கேட்பதெல்லாம் அவளுக்கு வாயில் வராது, இலையில்தான் வரும். மறுநாள் அதே மேஸ்திரி அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் கேட்காமலே இரண்டு வடை வைத்தாள்.

அப்பா லோகநாதன் தகரப் பட்டறையில் வேலை. டிரங்குப் பெட்டி, எண்ணெய் டின், வாளி என்று தகட்டில் எதைக் கேட்டாலும் வளைத்துக் கொடுப்பார். வீட்டில் மட்டும் அவரைத்தான் வளைப்பார்கள்.

விக்டோரியா நர்சம்மா எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தவர். செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர், அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கெல்லாம் சைக்கிளில் போய்ப் பிரசவம் பார்ப்பார். என் அக்கா, இரண்டு அண்ணன்கள், மூன்று பேரும் அவர் கையில் பிறந்தவர்கள்தான். சின்ன அண்ணன் தலைக்குப் பதிலாகக் காலை நீட்டிக்கொண்டு வந்தவன். முழுதாக ஒரு பகலும் ஒரு இரவும் நர்சம்மா தண்ணீர்கூடக் குடிக்காமல் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். "எமன் வாசப்படியில வந்து நின்னான். நர்சம்மா அவனைப் பார்த்து, போடா அந்தாண்டன்னாங்க" என்பாள் அம்மா. என்னைச் சுமக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்தே, இந்தத் தடவையும் நர்சம்மா இருக்கிறார் என்கிற தைரியத்தில்தான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள்.

அந்த நர்சம்மாவுக்கு முப்பத்து மூன்று வயது ஆகியும் கல்யாணம் ஆகவில்லை. வந்த வரன்கள் இரண்டும் தட்டிப் போயின. நேரங்கெட்ட நேரத்தில் கதவைத் தட்டுகிற வேலை, எந்த மாமியாருக்குப் பிடிக்கும்? மூன்றாவதாக உபதேசியார் ஒரு வரன் கொண்டுவந்தார். வேதக்கோயிலில் பிரசங்கம் செய்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் கல்யாணம் பேசுகிறவர் அவர். மாப்பிள்ளை பெயர் சின்னதுரை, தண்டையார்பேட்டை ரயில்வே யார்டில் வேலை, முப்பத்தெட்டு வயது, அம்மாவும் பிள்ளையும் மட்டும். கிறிஸ்துமஸ் அன்று மத்தியானப் பாசஞ்சரில் பெண் பார்க்க வருகிறார்கள். அந்த அம்மாள் பல வருஷம் ஒரு ரயில்வே பெரிய அதிகாரியின் பங்களாவில் சமையல் பார்த்தவராம். சீர் வேண்டாம், நகை வேண்டாம், ஒன்றே ஒன்றுதான் கேட்டு அனுப்பியிருந்தார்.

"பொண்ணு கையால ஒரு சுருள் கேக்கு சாப்பிட்டாப் போதுமாம்மா. பண்டிகைக்கு அவங்க ஊட்ல அதான் வழக்கமாம்" என்றார் உபதேசியார்.

நர்சம்மா அன்று சாயங்காலம் எங்கள் கடையில் வந்து உட்கார்ந்து அழுதார். அவருக்குச் சுடுதண்ணீர் வைக்கத் தெரியும், ஊசியும் கத்தரிக்கோலும் போட்டுக் கொதிக்க வைக்கத் தெரியும். அதற்கு மேல் அடுப்புக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மூன்று வேளையும் அம்மா கடைச் சாப்பாடுதான்.

"இன்னா நர்சம்மா இதுக்குப் போய்! கேக்குதானே? நான் சுட்டுத் தரேன். நீங்க தட்டைத் தூக்கிக்கினு போய் வைங்க, போதும்" என்றாள் அம்மா. அதுவரை அவள் சுருள் கேக்கைக் கண்ணால்கூடக் கண்டதில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா தெரியாமல் வாயைக் கொடுத்துவிட்டார். "ஏம்மே, இந்தக் கல்யாணம் ஆயிட்டா நர்சம்மா தண்டையார்பேட்டைக்குப் போயிடுவாங்களே. தை மாசமே முடிச்சிரணும்னு பேசிக்கினு கீறாங்க. மாசியில உனக்கு யாரு கீறா? கேக்கு சரியா வரலன்னா நமக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல."

கரண்டி பறந்து வந்து சுவரில் பட்டது. "இன்னொரு தபா இந்தப் பேச்சு பேசினா சுவத்துல படாது" என்றாள் அம்மா. ஆனால் அன்று அவள் தூங்கவில்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். பயம் அவளுக்கும் இருந்தது. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு சாவைப் பற்றி யோசிக்காத தாய் உண்டா?

மறுநாளே வேலை ஆரம்பித்தது. நர்ஸ் படிப்பு ஹாஸ்டலில் வார்டன் எழுதிக் கொடுத்த செய்முறை ஒரு பழைய நோட்டில் இருந்தது. நர்சம்மா இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொல்வார், அம்மா செய்வாள். மார்கழி மாதம் எங்கள் வீட்டு அடுப்பில் முட்டை ஏறாது, அம்மாவும் வாயில் வைக்க மாட்டாள். அதனால் எல்லாம் நர்சம்மா வீட்டுப் பின்கட்டில்தான் நடந்தது. அப்பா தகட்டை வளைத்து, ஒரு முழம் நீளத்தில் ஆழமில்லாத தட்டு ஒன்றும், மேலே தணல் கொட்டுவதற்குத் தோதாக விளிம்பு வைத்த மூடி ஒன்றும் செய்து கொடுத்தார். கீழே தணல், மேலே தணல், நடுவில் கேக்கு. முட்டையையும் சர்க்கரையையும் அம்மா மோர் கடைகிற மத்தைப் போட்டு நுரைக்க நுரைக்கக் கடைந்தாள். நோட்டில் பேக்கிங் பவுடர் என்று இருந்தது. அது கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவிலேயே இல்லை. "எல்லாம் ஆப்பச் சோடாதான், பேருதான் வேற" என்று அம்மா கடைச் சோடாவை மூன்று விரலால் அள்ளிப் போட்டாள்.

முதல் கேக்கு நன்றாகத்தான் உப்பி வந்தது. அம்மா அதை எடுத்து, நன்றாக ஆறட்டும் என்று அரை மணி நேரம் விட்டாள். எந்தப் பலகாரத்தையும் ஆறவிட்டுத்தானே தொடுவோம்? பிறகு சுருட்டினாள். நாலு இடத்தில் படக் படக்கென்று உடைந்தது.

நர்சம்மா நோட்டைப் புரட்டி, "செல்லி, சூடா இருக்கும்போதே துணியில கவுத்து, துணியோட சேர்த்துச் சுருட்டணும்னு போட்டிருக்கு. அப்புறமா பிரிச்சு, ஜாம் தடவி, மறுபடியும் சுருட்டணுமாம்" என்றார்.

"அதை எப்போ சொல்றது? அடுத்த வருஷமா?"

"பக்கத்தத் திருப்பல செல்லி."

இரண்டாவது கேக்கை நெருப்பாய்க் கொதிக்கும்போதே ஒரு பழைய வேட்டித் துண்டில் கவிழ்த்துச் சுருட்டினாள். தினம் இருநூறு இட்லியைச் சுடச்சுட எடுக்கிற விரல், அதற்கு இந்தச் சூடு ஒன்றுமே இல்லை. ஒரு கீறல் இல்லாமல் சுருண்டு வந்தது. நர்சம்மா கைதட்டினார். அம்மா முட்டை தொடாதவள், நர்சம்மாவுக்கோ இருந்த பயத்தில் எதைத் தின்றாலும் ஒரே ருசி. ஆகவே ருசி பார்த்து வரச்சொல்லிக் கேக்கை அப்பாவிடம் கொடுத்துப் பட்டறைக்கு அனுப்பினார்கள். பட்டறை ஆட்கள் ஆளுக்கு ஒரு துண்டு தின்றுவிட்டு, "நல்லாத்தான்யா கீது, சோடாதான் கொஞ்சம் தூக்கல்" என்றார்கள். அப்பா அந்த மேஸ்திரியின் இலையை நினைத்துப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, "பஸ்ட் கிளாஸ்னு சொன்னாங்கமே" என்றார்.

கிறிஸ்துமஸ் காலையில் நர்சம்மா கோயிலுக்குப் போய்விட்டார். அம்மா கடையைச் சீக்கிரமே மூடிவிட்டுத் தனியாக அவர் வீட்டில் வேலையைத் தொடங்கினாள். நோட்டில் சுத்தமான துணி என்று போட்டிருந்தது. பண்டிகை நாள், பெண் பார்க்க வருகிற நாள். அம்மாவுக்குப் பழைய வேட்டி மனசுக்கு ஒப்பவில்லை. முதல் நாளே புது மல் துணி வாங்கி, வெந்நீரில் அலசிக் கஞ்சி போக்கிக் காயவைத்திருந்தாள். புதுத்துணியை எடுத்தால் எங்கள் வீட்டில் என்ன செய்வோம்? நாலு மூலையிலும் மஞ்சள் குழைத்து வைப்போம். வைக்காமல் குழந்தைக்குச் சட்டைகூடப் போட மாட்டோம். அம்மாவின் விரல் அவளைக் கேட்கவே இல்லை. நாலு மூலையிலும் நாலு பொட்டு மஞ்சள் வைத்தது. தட்டும் துணியும் ஏறக்குறைய ஒரே அளவு. கேக்கைக் கவிழ்த்தாள், சுருட்டினாள், ஆறியதும் பிரித்து அன்னாசி ஜாம் தடவினாள், மறுபடியும் சுருட்டி மேலே பொடித்த சர்க்கரையைத் தூவிப் பீங்கான் தட்டில் வைத்தாள். வெள்ளை வெளேரென்று அழகாக இருந்தது. அதைப் பார்த்து அவளுக்கே கண் கலங்கிவிட்டதாம்.

நாலு மணிக்கு அவர்கள் வந்தார்கள். முன் அறையில் நாற்காலி போட்டு அம்மாளும் சின்னதுரையும் உபதேசியாரும் உட்கார்ந்தார்கள். அம்மாள் ஒல்லி, வெள்ளைப் புடவை, மூக்குக் கண்ணாடி. சின்னதுரை பெரிய உடம்பு, சின்னக் குரல். அம்மாவும் அப்பாவும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். அம்மாவின் வயிறு கதவுக்கு வெளியே தெரிந்தது, அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

நர்சம்மா கேக்குத் தட்டோடு வந்து மேசையில் வைத்தார்.

"எங்க விக்டோரியா கைப்பக்குவம்" என்றார் உபதேசியார், தானே சுட்ட பெருமையோடு.

நர்சம்மா கத்தியை எடுத்து இரண்டு பக்க ஓரத்திலிருந்தும் ஆளுக்கொரு துண்டு வெட்டி வைத்தார். சின்னதுரை தன் துண்டை எடுத்த எடுப்பில் வாயில் போட்டுக்கொண்டார். அவருடைய அம்மா மட்டும் தட்டைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனார். காலையில் தூவிய சர்க்கரை அதற்குள் ஈரத்தில் கரைந்துவிட்டிருந்தது. கரைந்த இடத்தில், கேக்கின் மேல், குங்குமச் சிவப்பில் வட்டமாக ஒரு பொட்டு. மஞ்சள் வைத்தால் மஞ்சளாகத்தானே இருக்கும் என்பீர்கள். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அந்த வேலையை இங்கே ஆப்பச் சோடா செய்துவிட்டது.

"இது இன்னாது?" என்றார் அந்த அம்மாள். "கேக்குக்குப் பொட்டு வச்சிருக்கு?"

உபதேசியார் இருமினார்.

"யாருக்குப் படைச்ச கேக்கு இது? ஏம்மா, நீ கோயிலுக்குப் போற பொண்ணுதானே? பொட்டு வைக்கற பழக்கம் எல்லாம் உண்டா உனக்கு?"

நர்சம்மா மெதுவாகத் திரும்பிச் சமையலறைக் கதவைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. அந்தப் பார்வையில் கேள்வி எதுவும் இல்லை, உதவி கேட்கிற தவிப்புதான் இருந்தது என்று நர்சம்மா சத்தியம் செய்வார். அம்மாவுக்கு அது சந்தேகப் பார்வையாகப் பட்டது. போதாக்குறைக்கு அப்பா அவள் காதோரம், "ஏம்மே, வேணும்னே பண்ணினியா?" என்று கேட்டுவிட்டார்.

அவ்வளவுதான். கதவு சுவரில் மோத, வயிறு முன்னால் வர, அம்மா முன் அறைக்கு வந்தாள்.

"அது நான் வச்ச மஞ்சாம்மா! நர்சம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது. புதுத்துணியில வச்சு சுருட்டினேன். மஞ்சா வைக்காத துணிய நல்ல காரியத்துக்கு எடுப்பாங்களா? அது போய் கேக்குல ஒட்டிக்கிச்சு. அவங்க ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவங்க. பொட்டு இன்னா, பவுடர்கூடப் போட மாட்டாங்க!"

"நீ யாரும்மா?"

"நாஷ்டாக் கடை செல்லியம்மா."

"அப்போ கேக்கு சுட்டது?"

அம்மாவுக்கு அப்போதுதான் தான் எதை உடைத்தோம் என்று புரிந்தது. உபதேசியார் நாற்காலிக்குள்ளேயே சுருங்கினார். இனி மறைத்து என்ன பிரயோஜனம்?

"நான்தான். அவங்களுக்கு அடுப்பே பத்த வைக்கத் தெரியாது. தெரிஞ்சா என் கடையில எதுக்குச் சாப்புடறாங்க?"

"செல்லி சொல்றது நிஜம்தாம்மா. நானே முதல்லயே சொல்லியிருக்கணும். எனக்குச் சமைக்க வராது. பிரசவம் பார்க்க மட்டும்தான் வரும்" என்றார் நர்சம்மா. சொல்லிவிட்டு, கடைசி வரனும் போய்விட்டது என்று கத்தியைத் தட்டில் வைத்துவிட்டாராம்.

அந்த அம்மாள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த உடம்போட அடுப்புல நின்னு சுட்டியே, உனக்கு இதுல இன்னா லாபம்?"

"லாபமா?" அம்மாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "மாசியில எனக்குப் பேறு. போன தபா புள்ள காலை நீட்டிக்கினு வந்துச்சு. இவங்க இல்லன்னா நான் இன்னைக்கு இல்ல. இவங்க தையில உங்க ஊட்டுக்கு வந்துட்டா, என் புள்ளைய யாரும்மா புடிப்பாங்க? நல்லா கேட்டீங்க லாபம்!"

"பின்ன எதுக்குச் சுட்டே?"

"அவங்களுக்கும் ஒரு ஊடு வாசல் வாணாமா? ஊர்ல கீற புள்ளைங்கள எல்லாம் இவங்க தூக்கிக் குடுப்பாங்க, இவங்க கையில ஒண்ணு இருக்க வாணாமா?"

இதைச் சொல்லிவிட்டு அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நர்சம்மா விசும்பினார். அந்தச் சமயம் பார்த்துச் சின்னதுரை, "நல்லாத்தான்மா கீது கேக்கு" என்று சின்னக் குரலில் சொல்லி இன்னொரு துண்டை எடுத்தார்.

அந்த அம்மாள் எழுந்து வந்தார். அம்மாவின் கையைப் பிடித்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து, மேலே கொஞ்சம், பக்கத்தில் கொஞ்சம், தொட்டுப் பார்த்தார். அப்போது நான் ஒரு உதை விட்டேனாம். எனக்கு ஞாபகம் இல்லை.

"எனக்கு ஒரு பொண்ணு இருந்தா" என்றார். "இவனுக்கு அக்கா. முதல் பேறு. நர்சு வர்றதுக்குள்ள போயிட்டா. வந்திருந்தா பொழைச்சிருப்பா." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு உபதேசியார் பக்கம் திரும்பினார். "உபதேசியாரே, கேக்கு கடையில கிடைக்கும். தையில கல்யாணம் வாணாம். ஈஸ்டர் கழிச்சு வைங்க. முதல்ல இவளுக்குப் புள்ள பொறக்கட்டும்."

உபதேசியாருக்கு உயிர் வந்து, உடனே ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் கண்ணை மூடினார்கள், அம்மாவைத் தவிர. அம்மாவுக்கு அந்த நிமிஷத்தில் பெரிய மனத்தாங்கல். கேக்கு கடையில் கிடைக்குமா? இந்தக் கேக்கு எந்தக் கடையில் கிடைக்கும்? ஆமென் சொல்லி முடிந்ததும் முதல் வேலையாக, "நீங்க இன்னும் ஒரு வாய்கூட வைக்கலியேம்மா" என்றாள்.

அந்த அம்மாள் பொட்டு வைத்த துண்டை எடுத்துக் கடித்தார், நிதானமாக மென்றார். "சுருட்டினது பிரமாதம். பங்களாவுல நான்கூட இப்படிச் சுருட்டினதில்ல. சோடாதான் ஜாஸ்தி. நாலு பேருக்காவது குடுத்து ருசி பாத்திருக்கலாமில்ல?"

அம்மா திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தாள். அப்பா அங்கே இல்லை. விளக்கு வைக்கிற நேரம் தாண்டித்தான் வீட்டுக்கு வந்தார்.

மாசி மாதம் பதினேழாம் தேதி விடியற்காலையில் அம்மாவுக்கு வலி எடுத்தது. நானும் சின்ன அண்ணனுக்குச் சளைத்தவளா? காலைத்தான் முதலில் நீட்டினேன். மத்தியானம் வரைக்கும் இழுத்தடித்தேன். அம்மா பாதி மயக்கத்தில் நர்சம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டாளாம். நர்சம்மா அவள் வாயைப் பொத்தினார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் என்னைப் பிடித்துக்கொண்டு, என்னிடம் நேராகவே பேசினார்:

"என் கல்யாணத்தையே மூணு மாசம் தள்ளி வச்சவ நீதானே? இன்னும் எவ்வளவு நேரம்டி காக்க வைப்பே, வா வெளிய!"

வந்துவிட்டேன்.